வடக்குச் சுவரின் ஈரம்

லோகநாயகி மீட்டரை அணைத்தாள். கம்பி முனைகளைப் புடவைத் தலைப்பால் துடைத்து மறுபடி மாட்டினாள். முள் பழையபடி வலது கோடிக்கே ஓடியது. வடக்கு மண்சுவரில் ஈரம் பார்க்கப் புதைத்திருந்த நான்கு கட்டிகளில் எல்லாவற்றுக்கும் கீழே இருந்தது நனைந்திருந்தது.

அது நனைய வழியே இல்லை. தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து ஐப்பசி பிறந்தும் சேலையூர்ப் பக்கம் ஒரு சொட்டு விழவில்லை. கேம்ப் ரோடு முனையில் லாரித் தண்ணீருக்காகப் பிளாஸ்டிக் குடங்கள் விடியும் முன்பே வரிசை கட்டின. காலி மனைகளில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்புகள்.

அவள் நின்றிருந்தது ஒரு பெரிய பள்ளத்தின் விளிம்பில். மாடம்பாக்கம் போகிற ரோட்டில் பொன்னுரங்கம் என்பவர் கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக் கூடம் தரைக்கு அடியில் இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காகப் பதினைந்து அடி ஆழம் தோண்டியிருந்தார்கள். மூன்று பக்கமும் ரோடும் காலி மனையும். வடக்கே மட்டும், விளிம்பை ஒட்டி, அஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஐந்து லைன் வீடுகள்.

அங்கே இருப்பது கறுப்புக் களிமண். ஏரித் தண்ணீர் பாய்ந்து நெல் விளைந்த பூமி. நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். காய்ந்த களிமண்ணுக்குத் தண்ணீரின் மேல் ஒரு வெறி இருக்கிறது. எந்தப் பக்கம் ஈரம் இருந்தாலும் தன் பக்கம் இழுக்கும். அந்த இழுப்புதான் அதன் துகள்களையும் ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்து, செங்குத்தாக வெட்டினாலும் பாறை மாதிரி நிற்க வைக்கிறது. ஈரம் ஏற ஏற இழுப்பு தளரும். முழுக்கத் தளர்ந்துவிட்டால் பாறை சேறாகிவிடும்.

அந்த இழுப்பு எப்போது, எவ்வளவு தளரும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் லோகநாயகியின் வேலை. குரோம்பேட்டையில் வைத்தீஸ்வரன் என்பவர் நடத்திய மண் பரிசோதனை நிறுவனத்தில் அவள் என்ஜினியர். பள்ளத்தின் நான்கு பக்கமும், மேலிருந்து கீழாக வெவ்வேறு ஆழங்களில், கம்பி செருகிய ஜிப்சம் கட்டிகளைப் புதைத்திருந்தாள். சுற்றியுள்ள மண் காய்ந்தால் கட்டியும் காயும். மண் நனைந்தால் கட்டியும் நனையும். கம்பியின் மறுமுனையில் மீட்டரை வைத்தால் தெரிந்துவிடும்.

மழை பிடித்தாலும் ஈரம் மேலிருந்து மெல்ல இறங்கி அடியை எட்ட ஒரு மாதமாவது ஆகும், அதற்குள் கான்கிரீட் சுவரை எழுப்பிவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தாள். அதை நம்பித்தான் சரிவு விடாமல், சவுக்கு முட்டுகூடக் கொடுக்காமல் பக்கங்களை நேராக வெட்டினார்கள்.

இப்போது மேலே புதைத்த மூன்று கட்டிகளும் எலும்பாகக் காய்ந்திருந்தன. அடிக்கட்டி மட்டும் ஈரம்.

அவள் சரிவுப் பாதை வழியாகப் பள்ளத்துக்குள் இறங்கினாள். கம்பி கட்டும் ஆட்கள் வடக்குச் சுவரின் காலடியில் குந்தியிருந்தார்கள். அவர்களுடைய மேஸ்திரி துரை நிமிர்ந்து பார்த்தான்.

"துரை அண்ணா, ஆளுங்களை இந்தப் பக்கத்துலேர்ந்து கொஞ்சம் நகத்துங்க."

"இன்னா மேடம்? மத்தியானம் கான்கிரீட்டு. மிக்சரு வந்து நிக்குது. இன்னும் பாதி கட்டு பாக்கி கீது."

"கீழ ஈரம் காட்டுது."

துரை சுவரைப் பார்த்தான். பிறகு வெயிலைப் பார்த்தான். "எங்க மேடம் ஈரம்? நாக்கு வறண்டு போய் கீறோம். உங்க மிஷின்தான் பேஜார் பண்ணுது."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆடி மாதத்தில் ஒரு இடி மழை பெய்தபோது அவள் பயந்து ஒரு வாரம் வேலையை நிறுத்தினாள். ஒன்றும் விழவில்லை. அன்றிலிருந்து அந்த இடத்தில் அவள் வாயைத் திறந்தாலே சிரிப்புதான்.

ரோட்டைத் தாண்டி இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து வைத்தீஸ்வரனைக் கூப்பிட்டாள்.

"ஜிப்சம் கரைஞ்சிருக்கும்மா" என்றார் அவர். "இல்லன்னா வயர் ஷார்ட். மேல மூணும் காஞ்சிருக்கு, கீழ மட்டும் எப்படி நனையும்?"

"அதான் சார் எனக்கும் புரியல. கிணத்துத் தண்ணி எல்லாம் ரொம்பக் கீழ போயிடுச்சு. அடியிலேர்ந்து ஏறவும் வழியில்ல."

"அப்பறம் என்ன? நாளைக்கு வேற மீட்டர் அனுப்பறேன். அதுவரைக்கும் வாயைத் திறக்காதே. போன தடவையே அந்த மனுஷன் என்னைக் கிழிச்சுட்டார்."

அவள் பூத்தை விட்டு வெளியே வந்தபோது காற்று நின்றுபோயிருந்தது. வடகிழக்கே, வேளச்சேரிக்கு மேலே வானம் ஈயப் பாத்திரம் மாதிரி கறுத்திருந்தது. இத்தனை நாள் ஊரே காத்திருந்த மழை. பூத்துக்காரர் வெளியே வந்து கையெடுத்துக் கும்பிட்டார். லோகநாயகி திரும்பிப் பள்ளத்தைப் பார்த்தாள்.

மீட்டர் பழுது என்று வைத்துக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம். பழுது இல்லை என்றால் எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது. எங்கிருந்து என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் அங்கிருந்து நகர முடியவில்லை. பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு லைன் வீடுகளின் பின்பக்கம் போனாள். இத்தனை மாதத்தில் அவள் அங்கே கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

மூன்றாவது வீட்டின் பின்னால் கன்னியம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். சானடோரியம் பக்கம் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் பட்டன் தைக்கிறவள். மத்தியான ஷிப்டுக்குக் கிளம்புமுன் உலை வைத்துவிடும் அவசரத்தில் இருந்தாள்.

"இன்னா மேடம், எப்பவும் அந்தாண்டதான் நிப்பீங்க. இன்னிக்கு எங்கூட்டாண்ட வந்துகீறீங்க?"

"இங்க எங்கயாவது தண்ணி லீக் ஆகுதா? பைப் எதாவது ஒடஞ்சிருக்கா?"

"பைப்பா? பைப்புல தண்ணி வந்தாதான லீக் ஆவறதுக்கு?" கன்னியம்மா சிரித்துக்கொண்டே களைந்த நீரைக் காலடியில் கிடந்த கடப்பைக் கல்லின் ஓரமாகச் சாய்த்தாள்.

ஒரு குண்டான் தண்ணீர். தரையில் பரவியிருக்க வேண்டும். பரவவில்லை. சத்தம்கூட இல்லாமல் உள்ளே போய்விட்டது.

லோகநாயகி குனிந்து கல்லைப் புரட்டினாள். அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெடிப்பு. உள்ளேயிருந்து சோப்பும் சாக்கடையும் கலந்த வெதுவெதுப்பான வாடை வந்தது.

"இதுலயா ஊத்தறீங்க? எத்தனை நாளா?"

"ஆவணிலேர்ந்து. அஞ்சு வூட்டுக்கும் இதான். குளிக்கறது, தொவைக்கறது, அல்லாம். எவ்ளோ ஊத்துனாலும் இழுத்துகினு பூடுது. கொசுத் தொல்லையும் இல்ல."

"ஐயோ, இதுல போய் யாராவது ஊத்துவாங்களா!" லோகநாயகியின் குரல் அவளை மீறி உயர்ந்தது.

கன்னியம்மா குண்டானைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "வேற எங்க ஊத்தறது? இங்க ஒரு கால்வா இருந்துச்சி. உங்க பள்ளம் தோண்டச்சொல்லோ மூடிட்டாங்க. போய் கேட்டோம். பாக்கலாம் போன்னாங்க. நீங்களும் தெனம் எதுருக்கதான் நிக்கிறீங்க. அஞ்சு வூட்டுத் தண்ணி எங்க போவும்னு உங்களுக்குத் தோணலியா?"

தோன்றவில்லை. கால்வாய் மூடப்பட்டதை லோகநாயகி பார்த்திருந்தாள். அதில் ஓடிய நீர் எங்கே போகிறது என்று கேட்டதில்லை. அவளுடைய கணக்கில் தண்ணீர் என்பது வானத்திலிருந்து விழுவது. எல்லா இடத்திலும் ஒரே சீராக இறங்குவது. வெடிப்பு வழியாகக் குறுக்கே புகுந்து, மேல் மண்ணைத் தொடாமலே நேராக அடிக்குப் போய், ஒரே இடத்தில் இரண்டு மாதமாக ஊறிக்கொண்டிருக்கும் தண்ணீர் அதில் எங்கேயும் இல்லை.

அவள் வெடிப்பைத் தொடர்ந்து நடந்தாள். பள்ளத்து விளிம்புக்கு இணையாக அது போயிற்று. சில இடங்களில் குப்பை மூடியிருந்தது. கோடி இரண்டு வீடுகளை எட்டியதும் வளைந்து அவற்றின் சுவருக்கு அடியில் புகுந்தது. அங்கே சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்து கோணலாக ஒரு கீறல், இன்னும் தூசு படியாத கீறல்.

முதல் துளி அவள் கழுத்தில் விழுந்தது.

அவள் ஓடினாள்.

பொன்னுரங்கம் தன் புல்லட்டைப் பள்ளத்தின் வாயருகே நிறுத்திவிட்டு மிக்சர்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய கட்டுமஸ்தான மனிதர். அவர் குடும்பம் தலைமுறையாக அங்கே பயிர் செய்தது. இப்போது அவருக்கு சிமெண்டு ஏஜென்சி, மரக்கடை. மண்டபம் அவருடைய பத்து வருஷக் கனவு.

"சார், எல்லாரையும் மேல வரச் சொல்லுங்க. உடனே."

"மறுபடியுமா?" அவர் மிக்சர்காரரைப் பார்த்துச் சிரித்தார். "ஆடில ஒரு வாரம் நிறுத்துனீங்க. இன்னா வுயுந்துச்சி? ஒரு மண்ணாங்கட்டி வுயல."

"இப்ப விழும். லைன் வீட்டுப் பின்னாடி ஒரு வெடிப்பு இருக்கு, மழை அது வழியா நேரா அடிக்குப் போகுது."

"மழ எறங்க ஒரு மாசம் ஆவும்னு எழுதிக் குடுத்தது யாரு? நீங்கதான?"

"நான்தான். அது தப்பு."

பொன்னுரங்கத்தின் முகம் மாறியது. "தப்பா? இவ்ளோ லேசா சொல்றீங்க! உங்க பேச்ச கேட்டுதான நேரா வெட்டுனேன். இன்னிக்கு கான்கிரீட்டு போடலன்னா மழ புட்சிக்கும், பள்ளம் ரொம்பிடும், கட்டுன கம்பி அத்தினியும் துரு ஏறிடும். ஒரு மிஷினு முள்ளு ஆடுதுன்னு நான் நிறுத்தணுமா? முடியாது மேடம்."

மழை பெருத்தது. கீழே ஆட்கள் தலையில் சிமெண்டுச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். சித்தாள் பெண்கள் ஜல்லிக் கூடைகளோடு சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பேசிப் பயனில்லை என்று லோகநாயகிக்குப் புரிந்தது. அவள் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கினாள். "இன்னா பண்றீங்க? மேடம்!" என்று கத்திக்கொண்டே பொன்னுரங்கமும் பின்னால் வந்தார்.

"துரை அண்ணா, ஒரு கம்பி குடுங்க. நீட்டா, முனை வெட்டினது."

துரை குழப்பத்தோடு ஒரு கம்பியை நீட்டினான்.

"உங்க மார் உயரத்துக்குச் சுவத்துல குத்துங்க."

அவன் குத்தினான். கம்பி கணீரென்று திரும்பியது. கொஞ்சம் பொடி உதிர்ந்தது. "கல்லு மாரி கீது" என்றான். பொன்னுரங்கம், பாத்தீங்களா என்பது போல அவளைப் பார்த்தார்.

லோகநாயகி கம்பியை வாங்கிக்கொண்டு மண்டியிட்டாள். சுவரின் காலடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் முனையை வைத்து உடம்பின் பாரத்தைக் கொடுத்துத் தள்ளினாள். சத்தமே இல்லை. கம்பி உள்ளே போனது. முழங்கை நீளம் போனது. அதற்கு மேலும் போனது. அவள் தோள் சுவரில் போய் முட்டியது.

துரையின் ஆட்கள் எழுந்து நின்றார்கள்.

அவள் கம்பியை உருவினாள். துளை வழியாகச் சாம்பல் நிறத்தில் தண்ணீர் கசிந்தது. முதலில் துளித் துளியாக, பிறகு ஒரு விரல் தடிமனுக்கு. பொன்னுரங்கம் குனிந்து அதைக் கையில் ஏந்தி முகர்ந்தார். துணி சோப்பின் வாடை. அது எந்த வீட்டுத் தண்ணீர், எந்தக் கால்வாயில் ஓடியிருக்க வேண்டியது என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 

பிறகு அவர் போட்ட கூச்சல் மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. "மேல ஏறுங்கடா! அல்லாத்தையும் போட்டுட்டு ஏறுங்க! மிக்சர நிறுத்து! கூடைய போடுமா, போடு!"

சரிவுப் பாதை அதற்குள் வழுக்கத் தொடங்கியிருந்தது. பெண்கள் கையைக் கோத்துக்கொண்டு ஏறினார்கள். துரை கடைசி ஆள் ஏறும்வரை கீழே நின்று, ஒவ்வொருவராக முதுகில் கை கொடுத்துத் தள்ளினான். லோகநாயகி மேலே வந்ததும் திரும்பிப் பார்க்கவில்லை. வீடுகளை நோக்கி ஓடினாள்.

பொன்னுரங்கம் அவளுக்கு முன்பே அங்கே போய்க் கதவுகளைத் தட்டிக்கொண்டிருந்தார். "வெளிய வாங்க! மண்ணு சரியப் போவுது! வூட்ட வுட்டு வாங்க!"

முதல் வீட்டுக் கங்கம்மா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேரக் குழந்தைகள் அவள் புடவையைப் பிடித்திருந்தன. "இன்னா நாடகம் இது? வண்டி நிறுத்த எடம் வோணும்னு ஆறு மாசமா எங்கள கெளப்ப பாக்கறே. வூட்டுக்காரரு, மாம்பலத்துல கீற தோத்தாத்ரி ஐயரே எங்கள போன்னு சொல்லல. நீ யாரு? கொட்டற மழயில கொயந்தைங்கள இட்டுகினு எங்க போவ சொல்றே?"

"ஏ, உசுர காப்பாத்த வந்தா…" அவர் குரல் ஏற ஏற அக்கம்பக்கக் கதவுகள் இன்னும் இறுக மூடின. ஒரு தாழ்ப்பாள் விழும் சத்தம்கூடக் கேட்டது.

லோகநாயகி கன்னியம்மாவின் வீட்டுக்குப் போனாள். கன்னியம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கன்னியம்மா, அவர் பேச்சை நம்ப வேணாம். நான் சொல்றதைக் கேளுங்க. அந்தச் சுவர் நிக்கும்னு கணக்குப் போட்டுக் குடுத்தவ நான். கணக்கு தப்பு. நீங்க ஊத்தின தண்ணி, இப்ப இந்த மழைத் தண்ணி, எல்லாம் உங்க வீட்டு அடியில நிக்குது. கீழ மண்ணு கரைஞ்சுபோச்சு. இப்பதான் கம்பி விட்டுப் பாத்துட்டு வரேன்."

"எப்ப சரியும்?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"அஞ்சு நிமிஷத்துல ஆகலாம். நாளைக்கும் ஆகலாம். சத்தியமா எனக்குத் தெரியல."

கன்னியம்மா அவள் முகத்தையே பார்த்தாள். சேறு அப்பிய புடவை, தோளிலிருந்து முழங்கைவரை சிராய்ப்பு. பிறகு உள்ளே போய் அடுப்பின் மேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி அணைத்தாள். வெளியே வந்து லைன் முழுக்கக் கேட்கும்படி கூவினாள்.

"கங்கம்மாக்கா! கொயந்தைங்கள தூக்கு! இது அவரு பேச்சு இல்ல, நான் சொல்றேன். அல்லாரும் ரோட்டுக்கு போங்க. சாமான எடுக்காத, அஞ்சம்மா! டிவிய வுடுடீ!"

அவள் சொன்னதற்குக் கதவுகள் திறந்தன. குழந்தைகளை இடுப்பிலும் தோளிலும் போட்டுக்கொண்டு பெண்கள் ரோட்டுக்கு ஓடினார்கள். வேலைக்குப் போன ஆண்கள் யாரும் வீட்டில் இல்லை. துரையின் ஆட்கள் ஒரு கிழவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள். லோகநாயகி ஒவ்வொரு வீடாக எட்டிப் பார்த்தாள். கோடி வீட்டில் வெளியே பூட்டுத் தொங்கியது. அங்கே யாருமில்லை என்று அவள் திரும்பினாள்.

ரோட்டில் நின்றிருந்த கன்னியம்மா திடீரென்று தலையில் கை வைத்தாள். "யேசுதாசன் அண்ணன்!"

"யாரு?"

"கோடி வூட்டுக்காரு. பல்லாவரத்துல ராத்திரி வாட்ச்மேன். பகல்ல தூங்குவாரு. பசங்க கதவ தட்டுதுன்னு அவரு பொண்டாட்டி சரசு வெளிய பூட்டிகினு வேலைக்கி போவும். உள்ளாரதான் கீறாரு!"

அவள் சொல்லி முடிப்பதற்குள் துரை கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடினான். பொன்னுரங்கம் அவன் பின்னால். கூரைத் தகட்டில் மழை அடித்த அடியில் உள்ளே இருப்பவருக்கு இடி விழுந்தாலும் கேட்காது. துரை ஒரே நெம்பில் பூட்டைப் பெயர்த்தான். கதவைத் தள்ளினான். கதவு அசையவில்லை.

"தாப்பா போட்டுகீறாரா?"

"இல்ல" என்றாள் லோகநாயகி. அவள் நிலையின் மேல் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது சதுரமாக இல்லை. வீடு ஏற்கெனவே பின்பக்கம் சாயத் தொடங்கி, நிலை கதவை நெரித்துப் பிடித்திருந்தது. "வீடு எறங்குது. கதவை ஒடைங்க, நிக்காதீங்க!"

துரை கடப்பாரையால் பலகையைக் குத்தினான். பொன்னுரங்கம் உடைந்த பலகையைக் கையால் பிய்த்தார். உள்ளேயிருந்து, "யார்றா அது?" என்று தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல் வந்தது.

"யேசு அண்ணே! ஓடியா! ஓடியாண்ணே!" கன்னியம்மா அலறினாள்.

ஓட்டை வழியாக யேசுதாசனின் தலையும் தோளும் வெளியே வந்தன. பொன்னுரங்கம் அவருடைய இரண்டு அக்குளிலும் கை கொடுத்து இழுத்தார். இடுப்புவரை வந்தபோது வீட்டின் பின்சுவர் மறைந்தது. விழுந்ததாகத் தெரியவில்லை; இருந்த இடத்தில் சாம்பல் நிற வானம் தெரிந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் தரை அதிர்ந்தது. கூரைத் தகடு இரண்டாகப் பிளந்து உள்ளே சரிந்தது. யேசுதாசன் வீறிட்டார். துரையும் பொன்னுரங்கமும் மல்லாக்க விழுந்தார்கள், அவரையும் இழுத்துக்கொண்டு. லோகநாயகியும் கன்னியம்மாவும் அவரை ஆளுக்கொரு கையாகப் பிடித்து ரோடுவரை இழுத்துப்போனார்கள். முழங்காலுக்குக் கீழே அவர் கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

கோடி வீடும் அதற்கு அடுத்ததும் முன்சுவரைக்கூட மிச்சம் வைக்காமல் பள்ளத்துக்குள் போயின. கொஞ்ச நேரம் முன்பு பதினெட்டுப் பேர் வேலை செய்துகொண்டிருந்த இடத்தில் கறுப்புச் சேறு ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. கட்டிய கம்பிகளில் ஒன்று மட்டும் வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.  துரை ரோட்டோரம் குந்திக்கொண்டு தன் ஆட்களை விரல் நீட்டி எண்ணினான். எண்ணி முடித்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினான்.

அன்று சாயங்காலமே லோகநாயகி பொன்னுரங்கத்திடம் சொன்னாள்: மிச்சமிருக்கும் மூன்று வீடுகள் நிற்க வேண்டுமானால் சுவரின் காலடியில் சரளையைக் கொட்டி அணை கொடுக்க வேண்டும், மேலே வெடிப்புக்குத் தார்ப்பாய் போட வேண்டும். அவர் மறுபேச்சு பேசவில்லை. மழையோடு மழையாக லாரிகள் வந்து கொட்டின. குடும்பங்கள் பக்கத்துத் தேவாலயக் கூடத்தில் தங்கின.

மறுநாள் வைத்தீஸ்வரன் வந்தார். அவளைத் தனியே அழைத்துப் போனார்.

"எதிர்பாராத கனமழைன்னு ரிப்போர்ட் எழுதிடு. முடிஞ்சுது."

"ஒரு மணி நேர மழை சார். அது கனமழை இல்ல."

"அப்ப குடியிருக்கறவங்க கழிவுத் தண்ணியை விட்டதால. அது உண்மைதானே? நீயே பாத்தே."

"கால்வாயை மூடினதால விட்டாங்க. அதை நான் கணக்குல எடுக்கல. கழிவுத் தண்ணி, கால்வாய், என் தப்பு, மூணையும் சேத்து எழுதறேன்."

"எழுதினா கம்பெனி பேர் போயிடும்மா. உனக்கும் அங்க இடம் இருக்காது."

அவள் மூன்றையும் சேர்த்தே எழுதி, தாசில்தார் விசாரணைக்கு வந்தபோது கொடுத்தாள். வைத்தீஸ்வரன் அதற்கு முந்தின நாளே அவளிடமிருந்து மீட்டரைத் திருப்பி வாங்கிக்கொண்டார். வேலை போனதை வீட்டில் எப்படிச் சொல்வது என்ற யோசனையோடுதான் அவள் விசாரணைக்கு வந்திருந்தாள்.

தேவாலயக் கூடத்தில் மேஜை போட்டு விசாரித்தார்கள். பொன்னுரங்கத்தின் வக்கீல் எழுந்து, குடியிருப்போர் பொறுப்பில்லாமல் சாக்கடை நீரை வெடிப்பில் விட்டதே விபத்துக்குக் காரணம் என்றார். கங்கம்மா, "அடப்பாவி" என்று எழுந்தாள். கன்னியம்மா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

தாசில்தார் பொன்னுரங்கத்தைக் கேட்டார். "அங்க கால்வாய் இருந்துச்சா?"

வக்கீல் குறுக்கிட்டார். "ஆவணத்துல அப்படி ஒண்ணும்…"

"இருங்க சார்" என்றார் பொன்னுரங்கம். மர நாற்காலியில் கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்த யேசுதாசனை அவர் ஒரு தடவை பார்த்தார். "இருந்துச்சி. எங்கப்பா காலத்துலேர்ந்து இருந்துச்சி. நான்தான் மூடுனேன். வந்து கேட்டாங்க. வேற வயி பண்ணித் தர பாக்கலாம் போன்னு சொன்னேன். தரல."

வக்கீல் காகிதங்களை மூடினார். 

விசாரணை முடிந்து எல்லோரும் கலைந்தபோது கன்னியம்மா லோகநாயகியை மடக்கினாள். "மேடம், மூணு வூடு நின்னுகினு கீது. இந்தக் கூடத்துல எத்தினி நாளு இருக்கறது? எப்ப போவலாம்? தேதி சொல்லுங்க."

 ஒரு தேதியை எதிர்பார்த்து எத்தனை முகங்கள் தன்னைப் பார்க்கின்றன என்பதை லோகநாயகி உணர்ந்தாள். முன்பென்றால் ஒரு நாளைச் சொல்லியிருப்பாள். கணக்கில் அது வந்திருக்கும்.

"தேதி சொல்ல மாட்டேன்" என்றாள். "இன்னும் மழை இருக்கு. தினமும் வந்து பாக்கறேன். மண்ணு இறுகினதும் நானே சொல்றேன். அதுவரைக்கும் பாத்திரம் எடுக்கக்கூட அங்க போகாதீங்க."

"உங்களுக்குதான் வேல பூட்ச்சாமே. எப்டி வருவீங்க?"

"பஸ்ல" என்றாள் லோகநாயகி.

கார்த்திகை முழுக்க அடித்துப் பெய்தது. மூன்றாவது வீடு, கன்னியம்மாவின் வீடு, ஒரு நாள் காலையில் பாதி சரிந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. கன்னியம்மா ரோட்டில் நின்று அதைப் பார்த்துவிட்டு மத்தியான ஷிப்டுக்குப் போனாள். தையும் மாசியும் போய், பங்குனி வெயிலில்தான் மண் மறுபடி இறுகியது. லோகநாயகி மண் மாதிரிகளை எடுத்துக்கொண்டு, காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை பார்த்த தோழியிடம் போய்ச் சோதித்துப் பார்த்தாள். ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்த்தாள். பிறகே, நிற்கிற இரண்டு வீட்டுக்காரர்களும் திரும்பிப் போகலாம் என்று வாயைத் திறந்தாள்.

பொன்னுரங்கம் பள்ளத்தின் வடக்குப் பாதியை மூடிவிட்டார். சாப்பாட்டுக் கூடம் தரைக்கு மேலேயே வந்தது. விழுந்த மூன்று வீடுகளுக்குப் பதிலாக ரோட்டோரம் தன் மனையில் மூன்று வீடுகள் கட்டிக் கொடுக்கச் சம்மதித்து, தாசில்தார் முன்னால் கையெழுத்துப் போட்டார். அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று கேட்க அவர் வைத்தீஸ்வரனிடம் போகவில்லை. புல்லட்டில் அதே குரோம்பேட்டையில் இருந்த லோகநாயகியின் வீட்டுக்கு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"மேடம், வந்து ஒரு தபா பாக்கறீங்களா? வெடிப்பு எங்கெங்க கீதுன்னு ஆளுங்கள வெச்சி சுண்ணாம்பு போட்டு வெச்சிகீறேன்."

யேசுதாசனும் சரசுவும் மட்டும் திரும்பி வரவில்லை. வண்டலூர்ப் பக்கம் சரசுவின் அண்ணன் வீட்டருகே போய்விட்டார்கள். கால் கூடியது, ஆனால் இரவு வேலைக்கு அவர் மறுபடி போகவில்லை. பகலில் கதவைச் சாத்தினால் அவருக்குத் தூக்கம் வருவதில்லை என்று சரசு கன்னியம்மாவிடம் சொன்னாளாம்.